பழையது முதலில் போகும்

ஐயாயிரம். ஒன்று கூடவில்லை, ஒன்று குறையவில்லை. இறால் பண்ணைக் கொட்டகையின் கம்பத்தில் மாட்டியிருந்த பெட்டியின் சின்னத் திரையில் அந்த எண் அப்படியே நிற்பதைச் சுபாஷினி மூன்று தடவை குனிந்து பார்த்துவிட்டாள். உப்புக்காற்றில் மூக்குக்கண்ணாடி மங்கியிருந்தது. துப்பட்டாவால் துடைத்துவிட்டு நாலாவது தடவையும் பார்த்தாள், அப்போதும் ஐயாயிரம்தான். அனுப்பக் காத்திருக்கும் செய்திகள் இத்தனை என்று பெட்டி சொல்கிறது. சொல்லட்டும், ஆனால் இவ்வளவு இருக்கக் கூடாதே. குட்டைத் தண்ணீரில் ஆக்சிஜன் எவ்வளவு, தண்ணீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டருக்குக் கரண்ட் வருகிறதா, இந்த இரண்டையும் சேர்த்துப் பத்து நொடிக்கு ஒரு செய்தி. நிமிடத்துக்கு ஆறு, மணிக்கு முந்நூற்று அறுபது. ராத்திரி ஒன்று நாற்பதுக்குக் கரண்டோடு சேர்ந்து செல்போன் டவரும் போனது, இப்போது பகல் ஒன்றரை, பன்னிரண்டு மணி நேரம்கூட முழுசாக ஆகவில்லை, நாலாயிரத்து இருநூற்றுச் சொச்சம்தானே சேர்ந்திருக்க வேண்டும். மிச்சம் எழுநூறு எங்கிருந்து வந்தது, பெட்டி குட்டி போடுமா என்ன. இப்படி ஒரு எண் இடித்தால் சுபாஷினிக்குப் பசி எடுக்காது, தாகம் எடுக்காது, யாராவது பேசினால் காதில் விழாது. பண்ணை முதலாளி டவர் உள்ள ஊர்வரை பைக்கில் போய்ப் போன் செய்ததும், காலையில் திருச்சியில் பஸ் ஏறும்போது வாங்கிய இரண்டு வாழைப்பழமும் பைக்குள்ளேயே கறுத்துக்கொண்டிருந்தன. அதெப்படி முழுசாக ஐயாயிரம் என்று மறுபடி ஆரம்பித்தவள், சட்டென்று தன் தலையில் தானே குட்டிக்கொண்டாள். முழுசாகத்தான் இருக்கும், அதற்கு மேல் வைத்துக்கொள்ளாதே என்று எழுதியவளே அவள்தான். அப்படியென்றால் பெட்டி நிரம்பிவிட்டது. நிரம்பிவிட்டது என்றால் எதையோ தூக்கிப் போட்டுக்கொண்டிருக்கிறது, இந்த நிமிடமும் போட்டுக்கொண்டிருக்கிறது. எதைப் போடுகிறது என்பதும் அவளுக்குத் தெரியும், பழையதை. ஆனால் எழுநூறு எப்படி அதிகமானது என்பது மட்டும் தெரியவில்லை, அது தெரிகிறவரை பயப்படக்கூட முறையாக வரவில்லை.

வெளியே வெயில் குட்டைகளின் மேல் தகடாகக் கிடந்தது. இரண்டாம் குட்டையின் கரையில் செத்த இறால்களை அரித்துக் குவித்திருந்தார்கள், காலையில் சாம்பல் நிறமாக இருந்ததாம், இப்போது இளஞ்சிவப்பாகிவிட்டது, நாற்றம் கொட்டகைவரை வந்தது. பண்ணை முதலாளி மாசிலாமணி வரப்பின் மேல் போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டிருந்தார், ஒரு சிக்னல் கோடாவது விழாதா என்று. குட்டை பார்க்கிற வைரக்கண்ணு ஜெனரேட்டர் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும், காலையிலிருந்து அதே இடம்தான் என்றார்கள். அவர் பெண்சாதி உள்ளே பானை சட்டியை ஒரு சாக்கில் போட்டுக் கட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. நடந்தது ஒன்றுதான், சொல்கிறவர்கள்தான் இரண்டு பேர். ஒன்று நாற்பதுக்குக் கரண்ட் போனது, ஏரேட்டர் நின்றால் இறாலுக்கு மூச்சு முட்டும், உடனே ஜெனரேட்டரை ஓட்ட வேண்டும். ஓட்டினேன், கால் மணி நேரத்தில் ஓட்டிவிட்டேன் என்கிறார் வைரக்கண்ணு. தூங்கிவிட்டான், நாலரைக்கு நான் பைக்கில் வந்தபோது ஓடிக்கொண்டிருந்தது, அந்தப் பைக் சத்தம் கேட்டுத்தான் எழுந்து ஓட்டியிருப்பான், இல்லாவிட்டால் இறால் ஏன் சாகிறது என்கிறார் மாசிலாமணி. விடிந்தபோது பாதிக் குட்டை மிதந்தது. பக்கத்துக் குட்டைக்காரர்கள் கூடி, ஆளுக்கொன்று பேசி, கடைசியில் மாசிலாமணியே முடித்து வைத்தார். "நீயும் பேச வேணாம், நானும் பேசல. பெட்டி சொல்லட்டும். நீ சொன்னது சரின்னு பெட்டி சொன்னா இஞ்சயே இரு. இல்லேன்னா பொழுது சாயறதுக்குள்ள குட்டைய விட்டுக் கெளம்பிரு." கிளம்பினால் கொட்டகையும் போகும், வேலையும் போகும், இதைவிட மோசம் பெயர் போகும், வேதாரண்யத்திலிருந்து நாகப்பட்டினம்வரை எந்தக் குட்டையில் போய் நின்றாலும் தூங்கினவன் என்றுதான் பார்ப்பார்கள். பெட்டி பேசினால்தான் உண்டு. பெட்டி பேச டவர் வர வேண்டும். உப்புக்காற்றுக்குப் பயந்து மூடி ஒட்டிவிட்ட பெட்டி, கம்பி செருக ஓட்டைகூடக் கிடையாது, அது சுபாஷினியின் கம்பெனி பெருமையாக விளம்பரத்தில் போட்ட விஷயம்.

காத்திருக்கும்போது மனசு சும்மா இருக்குமா, அது போய் வைகாசி மாதத்தில் நின்றது. ஆறு பேர் உட்கார்ந்தால் ஏழாவது ஆள் நிற்க வேண்டிய அலுவலக அறை. அதற்கு முன்னால், பெட்டிக்குள் வைப்பதற்காக அவள் எழுதியிருந்த லைப்ரரி என்கிற மென்பொருள் ஒரு செய்தியையும் விட்டதில்லை. லைப்ரரி என்றால் அளப்பது அதன் வேலையில்லை, அளந்ததை அனுப்புவதுதான் வேலை. எந்தப் பெட்டிக்குள் வைத்தாலும் சரி, இறால் குட்டையோ பால் குளிரூட்டுகிற தொட்டியோ, கொடுத்த செய்தியை வாங்கி அனுப்பும், டவர் இல்லையென்றால் எழுதி வைத்துக்கொண்டு டவர் வந்ததும் வரிசையாக அனுப்பும். பத்திரமானது, விசுவாசமானது, அவளுக்கு அதன் மேல் ஒரு தாய்ப்பாசமே உண்டு. பால் தொட்டி ஒன்றில் ஒன்பது நாள் டவர் இல்லாமல் போய், எழுதி வைத்தது எழுதி வைத்தது என்று நினைவகம் முழுக்க ரொம்பி, பெட்டி மூச்சுப் பேச்சில்லாமல் நின்ற பிறகுதான் ஒரு அளவு வைக்க வேண்டும் என்ற ஞானம் பிறந்தது. ஐயாயிரம் என்பது நௌஷாத் சொன்ன எண், பக்கத்து நாற்காலிக்காரன், எதற்கெடுத்தாலும் முழு எண்ணாகச் சொல்லுவான். சரி, ஐயாயிரம் நிரம்பினால் அடுத்து வருவதை என்ன செய்வது? மூன்று வழிதான் உண்டு. வாசலில் நிற்கிற புதுசை உள்ளே விடாமல் திருப்பி அனுப்பலாம். இடம் வருகிறவரை அளப்பதையே நிறுத்தி வைக்கலாம். அல்லது உள்ளே இருப்பதில் மிகப் பழையதை வெளியே தள்ளிவிட்டுப் புதுசுக்கு இடம் கொடுக்கலாம். மூன்றாவதுதான் சரி என்று எழுந்து நின்று வாதாடியவள் சுபாஷினி. நேற்றைய ஆக்சிஜனை வைத்து இன்றைக்கு இறால் மூச்சு விடுமா என்று கேட்டாள், எல்லாரும் சிரித்தார்கள், முடிவாகிவிட்டது. நல்ல வாக்கியம் கிடைத்துவிட்டால் யோசிப்பது அங்கேயே நின்றுவிடுகிறது, அவளுக்கு அந்த வியாதி சின்ன வயதிலிருந்தே உண்டு. நேற்றைய ஆக்சிஜன் இறாலுக்கு வேண்டாம், வாஸ்தவம். நேற்றைய ஆக்சிஜனுக்காக ஒரு மனுஷன் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருப்பான் என்று அந்த ஆறு பேரில் யாருக்குமே தோன்றவில்லையே, ஏன் தோன்றவில்லை, அந்த அறையில் ஜன்னல் இல்லாததாலா.

ஆனாலும் எழுநூறு எப்படி வந்தது. அதுதான் விளங்கவில்லை. செய்தி இரட்டிப்பாகிறதா, கடிகாரம் வேகமாக ஓடுகிறதா, பத்து நொடி என்று வைத்ததை யாராவது எட்டாக்கிவிட்டார்களா. நௌஷாதைக் கேட்கலாம் என்று பழக்கதோஷத்தில் போனை எடுத்தாள், கோடே இல்லாத போன். இடம் குறைவு, தேவையில்லாததை அழிக்கவும் என்று அதன் பங்குக்கு அதுவும் ஒரு வரி காட்டியது. இரண்டு மாதமாகக் காட்டுகிறது. அழிக்க உட்கார்ந்தால் சித்தப்பா தினமும் அனுப்புகிற ரோஜாப்பூவையும் காலை வணக்கத்தையும் விட்டுவிட்டு வேறெதையோ அழிப்பாள். அக்கா வனஜாவின் பெயரைத் தட்டினால் கடைசிச் செய்தி இரண்டு வருஷத்துக்கு முந்தையது, 'சரி' என்று ஒரே சொல். இரண்டு வருஷமாகப் பேச்சில்லை. தீபாவளிக்கு அவள் கூப்பிடவில்லை, அது ஞாபகம் இருக்கிறது. சுபாஷினிக்கு டைபாய்டு வந்தபோது கூப்பிடவில்லை, அதுவும் இருக்கிறது. பையனுக்குக் காது குத்தியதை அத்திம்பேர் மூலமாகச் சொல்லி அனுப்பினாள், கிழமைகூட ஞாபகம் இருக்கிறது, வியாழன். கூப்பிடாத நாள் ஒவ்வொன்றையும் தேதி போட்டுச் சொல்ல முடியும். ஆனால் முதலில் என்ன நடந்தது? பெங்களூரில் அக்கா வீட்டு அடுப்படியில் நின்று ஏதோ ஒரு வார்த்தை சொன்னாள், எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது, அப்பளம் பொரிக்கத்தான் போலிருக்கிறது, அந்த வார்த்தை என்ன. அப்பளம் இருக்கிறது, வார்த்தை இல்லை. யார் சொன்னது என்பதிலேயே இப்போது சந்தேகம் வந்துவிட்டது, அக்காவா, இல்லை, ஐயோ, இவளேயா. வேர்த்தது. இதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று போனைப் பைக்குள் போட்டாள், வாழைப்பழத்தின் மேலேயே போட்டாள்.

உட்கார முடியாமல் எழுந்து ஜெனரேட்டர் பக்கம் போனாள். வைரக்கண்ணு எழுந்திருக்கப் பார்த்தார். "உக்காருங்கண்ணே" என்று அவளும் பக்கத்திலேயே ஒரு தீனி மூட்டையின் மேல் உட்கார்ந்துகொண்டாள். கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டேதான் கேட்டாள். "ராத்திரி நீங்க எப்படிண்ணே முழிச்சீங்க? யாரும் எழுப்பினாங்களா?" அவர் அவளை ஒரு மாதிரி பார்த்தார். "யாரு எழுப்பறது. ஏரேட்டர் நின்னா முழிப்பு வந்துரும்மா. அது ஓடிக்கிட்டு இருந்தாத்தான் தூக்கமே. சத்தம் நின்னுச்சுன்னா யாரோ கழுத்தப் புடிச்ச மாரி எந்திரிச்சிருவேன். எம்பொஞ்சாதியும் அப்புடித்தான்." சுபாஷினிக்கு அந்த நிலைமையிலும் ஆச்சரியமாக இருந்தது. சத்தம் கேட்டு எழுவது புரிகிறது, இல்லாத சத்தம் எப்படிக் காதில் விழும், தூக்கத்திலும் எது உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருக்கிறது, எந்த நொடியில் அது முடிவு செய்கிறது. பெட்டிக்கு அந்தக் காது கிடையாதே. அப்புறம் அந்த ஆச்சரியத்தின் அடியிலிருந்து வேறொன்று மெதுவாக மேலே வந்தது. ஆடி மாதம் பெட்டி மாட்டிய அன்று இதே மூட்டையின் மேல் உட்கார்ந்து அவள் இவரிடம் சொன்னாள், இனிமேல் நீங்க நிம்மதியாத் தூங்கலாம்ணே, எல்லாத்தையும் பெட்டி பாத்துக்கும். கையைக்கூட ஆட்டி ஆட்டிச் சொன்னாள். ஒருவேளை இவர் அதை நம்பியிருந்தால்? நம்பித் தூங்கியிருந்தால், பொய் சொல்கிறார் என்றே வைத்துக்கொண்டால், அந்தத் தூக்கத்தில் பாதி அவள் கொடுத்தது. கேட்டுவிடலாம் என்று வாய்வரை வந்தது. "அன்னிக்கு நான் தூங்கலாம்னு சொன்னேனே..." அவர் சிரித்துவிட்டார், காலையிலிருந்து முதல் சிரிப்பாக இருக்கும். "அத நான் எங்கம்மா கேட்டேன். நீ சின்னப் புள்ள, ஆசயா சொல்லுற, சரின்னேன்." அவள் நம்பினாள். நம்புவது அவளுக்குச் சுலபம், மாசிலாமணிக்கு அவள் நம்புவது எதற்காகும், அவருக்கு வேண்டியது பெட்டி. எழுந்து போய் மறுபடி பார்த்தாள், ஐயாயிரம். கம்பத்தில் ஒரு எறும்பு வரிசை அந்த எண்ணைச் சுற்றிக்கொண்டு ஏறியது.

இரண்டு மணிக்கு மேல் ஒன்றிரண்டு நிமிடம் ஆகியிருக்கும், வரப்பிலிருந்து மாசிலாமணி கத்தினார். "வந்துருச்சு! டவர் வந்துருச்சும்மா!" பெட்டியின் பச்சை விளக்கு மினுக்கியது. ஐயாயிரம், நாலாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றெட்டு, தொண்ணூற்றைந்து, எண் இறங்க ஆரம்பித்தது. மடிக்கணினியை மூட்டையின் மேல் வைத்துப் போனோடு இணைத்துத் திறந்தாள். வரிசைப்படி முதலில் வருவது மிகப் பழையது, பழையதற்குத்தான் இங்கே எல்லாரும் தவம் கிடக்கிறார்கள். முதல் செய்தி வந்தது. நேரம், காலை ஏழு ஐந்து. ஏழு ஐந்தா? அதற்கு முன்னால்? முன்னால் ஒன்றும் இல்லை. ஒன்று நாற்பதிலிருந்து ஏழு ஐந்துவரை வழித்துத் துடைத்ததுபோல் ஒன்றும் இல்லை. இரண்டாவது செய்தி அளவே இல்லை, எழுத்து. 'இணைப்பு கிடைக்கவில்லை.' மூன்றாவது, ஏழு ஐந்தும் பத்து நொடியும், ஆக்சிஜன் இவ்வளவு, கரண்ட் உண்டு. நாலாவது, 'இணைப்பு கிடைக்கவில்லை.' ஆறாவது அதே, எட்டாவது அதே, வெயிலில் திரை கண் கூசியது, அவள் விரலால் மேலும் கீழும் தள்ளித் தள்ளிப் பார்த்தாள், ஒன்று விட்டு ஒன்று அதே முறையீடு. எழுநூறு எங்கிருந்து வந்தது என்று கேட்டாளே, இதோ வந்திருக்கிறது, எழுநூறு என்ன, வந்து நிற்பதில் சரிபாதி. போன மாதம் நௌஷாத் சொன்னான், இணைப்பு அறுந்தால் நமக்குத் தெரிவதே இல்லை, பெட்டி வாய் திறந்து சொல்ல வேண்டாமா என்று. நியாயம்தானே என்று அவள் அரை நாளில் எழுதிக் கொடுத்தாள். ஒவ்வொரு தடவை இணைய முயன்று தோற்கும்போதும் தோற்றேன் என்று ஒரு செய்தி. எதன் வழியாக அனுப்புவது? கையில்தான் லைப்ரரி இருக்கிறதே, அதன் வழியாகவே. டவர் இல்லை என்பதை டவர் வழியாகச் சொல்ல முடியாது என்பதால் அதுவும் வரிசையில் போய் நின்றது, பத்து நொடிக்கு ஒன்று, வரிசை நிரம்பியது, பழையதைத் தள்ளு என்ற விதி ராத்திரி அளந்ததையெல்லாம் ஒவ்வொன்றாகக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளி, அந்த இடத்தில் புலம்பலை உட்கார வைத்தது. புலம்பல் மட்டும் இல்லாதிருந்தால் நாலாயிரத்து நானூறோடு முடிந்திருக்கும், ஐயாயிரத்துக்குள் எல்லாமே பத்திரமாக இருந்திருக்கும், ஒன்று நாற்பதும் இருந்திருக்கும். அளவு வைத்தது தப்பில்லை. பழையதைத் தள்ளியதுகூடப் பாதித் தப்புதான். சொல்ல முடியவில்லை, சொல்ல முடியவில்லை என்று சொல்லிச் சொல்லியே சொல்ல வேண்டியதைத் தொலைத்தது, இதை எந்த மடையன் செய்வான், இதைச் செய்ய நன்றாகப் படித்திருக்க வேண்டும். அப்பளம் பொரிகிற எண்ணெய் ஒரு நொடி கண்ணுக்குள் வந்து போனது. மாசிலாமணி வரப்பிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தார், செருப்புச் சத்தம் கேட்டது. அழக் கூடாது என்று பல்லைக் கடித்தாள்.

"என்னம்மா, வந்துருச்சா? எப்ப ஓட்டுனான்னு போட்டுருக்கு?" "ஒரு நிமிஷம் சார்." ஒரு நிமிடம் என்ன செய்யப் போகிறாள் என்று அவளுக்கே தெரியாது. இருப்பதைப் பார்ப்பது, வேறு என்ன. குப்பையானாலும் தான் எழுதிய குப்பை, அதன் குணம் அவளுக்குத் தெரியும். அந்த இரண்டாவது செய்தியை மறுபடி எடுத்தாள், முதல் முறையீட்டை, முழுசாக விரித்துப் பார்த்தாள். 'இணைப்பு கிடைக்கவில்லை. முயற்சி எண் 1870.' ஓ, எண் போடச் சொல்லியிருந்தாளே. இணைப்பு அறுந்ததிலிருந்து எத்தனையாவது முயற்சி என்று ஒன்றிலிருந்து எண்ணிக்கொண்டே வரும். முன்னால் இருந்த ஆயிரத்து எண்ணூற்று அறுபத்தொன்பது முறையீடும் தொலைந்துபோனது, ஆனால் தொலைந்தது எத்தனை என்பதை இது வைத்துக்கொண்டிருக்கிறது. அதனால் என்ன? அதனால் என்ன, அதனால் என்ன என்று மனசு அந்த எண்ணையே முகர்ந்து சுற்றியது. ஒன்று நாற்பதிலிருந்து ஏழு ஐந்துவரை முந்நூற்று இருபத்தைந்து நிமிடம். நிமிடத்துக்கு ஆறு முயற்சி. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பது வர வேண்டும், வந்திருப்பது ஆயிரத்து எண்ணூற்று எழுபது. எண்பது குறைகிறது. ஏன் குறைகிறது, பெட்டி சோம்பேறி இல்லையே, எப்போது அது முயற்சியைக் குறைக்கும், எப்போது, எப்போது. கரண்ட் இல்லாதபோது. பேட்டரியில் ஓடும்போது சேமிக்க வேண்டும் என்று நிமிடத்துக்கு ஒரே ஒரு தடவைதான் முயலும், அதையும் எழுதியவள் அவள்தான். பெட்டிக்குக் கரண்ட் வருவது ஏரேட்டர் லைனின் கடைசிக் கம்பியிலிருந்து. ஏரேட்டருக்குக் கரண்ட் இருந்தால் பெட்டிக்கும் இருக்கும், ஏரேட்டர் நின்றால் பெட்டியும் பேட்டரிக்குப் போகும். ஆறு முயல வேண்டிய நிமிடத்தில் ஒன்று, அப்படியென்றால் கரண்ட் இல்லாத ஒவ்வொரு நிமிடத்துக்கும் ஐந்து குறையும். குறைந்தது எண்பது. எண்பதில் எத்தனை ஐந்து. விரல் விட்டு எண்ணினாள், இன்ஜினியரிங் படித்தவள் விரல் விட்டு எண்ணினாள், எண்ணியதை நம்பாமல் மண்ணில் குச்சியால் எழுதிப் பார்த்தாள். பதினாறு. மாசிலாமணி சொல்கிறபடி நாலரைக்குத்தான் ஓட்டியிருந்தால் நூற்றெழுபது நிமிடம் போயிருக்கும், அந்த எண் ஆயிரத்து நூறைத் தாண்டியிருக்கவே முடியாது.

சந்தோஷத்தில் கத்தியிருப்பாள், மாசிலாமணியின் முகம் நேர் எதிரே இருந்தது. இனி இதைச் சொல்ல வேண்டும். ராத்திரிக் கணக்கு பெட்டியில் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் பதினாறு நிமிடம் என்று காட்டிவிடலாம், அவர் எதையும் திறந்து பார்க்கப் போவதில்லை, பொய்கூட இல்லை, முக்கால் உண்மை. கம்பெனி பெயரும் பிழைக்கும், இவருடைய எட்டுக் குட்டைக்கும் பெட்டி மாட்டுகிற வேலையும் பிழைக்கும். ஆனால் நாளைக்கு யாராவது அந்த ராத்திரியைக் காட்டு என்று கேட்டால் அந்த முக்கால் உண்மை போய் வைரக்கண்ணுவின் தலையில்தான் விடியும். சுபாஷினி எழுந்து நின்றாள். "சார், மொதல்ல ஒண்ணு சொல்லிடறேன். ராத்திரி அளந்தது எதுவும் இப்ப பெட்டியில இல்ல. அழிஞ்சிருச்சு. பெட்டி மேல தப்பில்ல, நான் எழுதினதுல தப்பு. எடம் பத்தலன்னா பழசத் தூக்கிப் போடுன்னு எழுதினேன், வேண்டாததையும் அதுலயே போட்டு ரொப்பினதும் நான்தான்." அவர் வாயைத் திறப்பதற்குள் முயற்சி எண்ணையும், குறைந்த எண்பதையும், ஐந்து ஐந்தாகப் போனதையும் மண்ணில் எழுதியதைக் காட்டியே சொன்னாள். இரண்டு தடவை சொன்னாள். மாசிலாமணி முட்டாளில்லை, தீனிக் கணக்கை மனசிலேயே போடுகிறவர், குனிந்து மண்ணைப் பார்த்தபடி உதடு அசையக் கூட்டிப் பார்த்தார். "ஏம்மா, உம்பெட்டி மானம் போவக் கூடாதுன்னு சொல்லுறியோ?" "பெட்டி மானத்தத்தான் சார் இப்பக் கப்பலேத்திட்டேனே. அத நெனச்சிருந்தா இவ்வளவு பேசியிருக்க மாட்டேன்." அவர் அவளையே பார்த்தார். அப்புறம் குட்டையைப் பார்த்தார், கரையில் குவிந்ததைப் பார்த்தார். "அப்ப எறா ஏன் செத்துச்சு?" என்று கேட்டார், அவளைக் கேட்கவில்லை, குரலில் கோபமும் இல்லை, இழப்பு மட்டும்தான் இருந்தது. "தெரியல சார். நேத்துவரைக்கும் ரெண்டு நாளு மூடாப்பா இருந்துச்சாமே, தண்ணி நெறமும் மாறியிருக்கு. தண்ணிய லேபுக்கு அனுப்பிப் பாக்கணும்." அவர் தலையாட்டினார். கொட்டகைக்குள் சாக்குக் கட்டுகிற சத்தம் நின்றிருந்ததை அப்போதுதான் கவனித்தாள்.

"யோவ் வைரக்கண்ணு" என்று மாசிலாமணி கூப்பிட்டார். "பதினாறு நிமிசத்துல ஓட்டிருக்கன்னு சொல்லுதுய்யா." வைரக்கண்ணு எழுந்து வந்தார். அவர் முகத்தில் சந்தோஷம் வரும் என்று சுபாஷினி ஆசையோடு பார்த்துக்கொண்டிருந்தாள், வரவில்லை, நெற்றியைச் சுருக்கி யோசனையாக நின்றார். "பதினாறா? நான் கால் மணின்னுல்ல சொன்னேன்." ஒரு நிமிடம் பொய் சொல்லிவிட்டோமோ என்று அவருக்குக் கவலை வந்துவிட்டது. பிறகு அவருக்கே ஞாபகம் வந்தது. "ஆமா, சரிதான். மொதத் தடவ சுத்துனப்ப ஹேண்டில் வழுக்கித் திருப்பி அடிச்சிருச்சு. அதுல ஒரு நிமிசம் போயிருக்கும்" என்று சொல்லிக்கொண்டே சட்டைக் கையை மேலே ஏற்றினார். முழங்கைக்குக் கீழே கத்திரிக்காய் நிறத்தில் கன்றி, உள்ளங்கை அகலத்துக்கு வீங்கியிருந்தது. மாசிலாமணி அந்தக் கையைத் தொடப் போய்த் தொடாமல் நிறுத்திக்கொண்டார். ராத்திரி இருட்டில் பட்ட அடி, பகல் முழுக்க அந்தக் கையோடு ஜெனரேட்டர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்திருக்கிறார். "ஏன்யா, காலையிலயே இதக் காட்டிருக்கலாமுல்ல?" என்றார் மாசிலாமணி. வைரக்கண்ணு சட்டைக் கையை மெதுவாக இறக்கி விட்டுக்கொண்டார். "நான் பேச வேணாம், பெட்டி சொல்லட்டும்னீங்களே மொதலாளி."